எழுதிக் கொடுத்த பிறப்பு

இரண்டு மதிப்பெண் வினா அது. “பிறவித் தகுநிலை என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.” சேலத்தில் ஒரு கல்லூரியில் நான் சமூகவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வைத்த உள்தேர்வு. தகுநிலை என்றால் சமூகத்தில் ஒருவருக்கு உள்ள இடம். ஏறக்குறைய எல்லா விடைத்தாள்களிலும் ஒரே விடைதான் இருந்தது. பிறப்பால் வருவது, மாற்ற முடியாதது, எடுத்துக்காட்டு சாதி, பால், வயது. நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது அப்படியே திரும்பி வந்திருந்தது. ஒரே ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. “பிறவித் தகுநிலை என்பது பிறந்த பிறகு நமக்கு எழுதிக் கொடுக்கப்படுவது. எ.கா. நான் மலையாளி.” ‘எழுதிக் கொடுக்கப்படுவது’ என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு, ‘பிறப்பிலேயே வருவது’ என்று ஓரத்தில் திருத்தி, எடுத்துக்காட்டுக்காக ஒரு மதிப்பெண் கொடுத்தேன். 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கல்லூரியில் இப்போது நான் இல்லை. அந்தச் சிவப்புக் கோடு மட்டும் என்னை விடவில்லை. இந்த மே மாதம் ஏற்காட்டுக்குப் போய்வந்த பிறகு அதைப் பற்றி எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைகளிலும் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக அவர்கள் கதை சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.

ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் சொற்கள்

அறிமுக சமூகவியல் எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். சமூகம், குழு, பண்பாடு, நிறுவனம், தகுநிலை, பங்கு, நெறி என்று வரிசையாகச் சொற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஓர் அறிஞர் பெயர், ஓர் ஆண்டு. நானும் முதல் ஆண்டு அப்படித்தான் நடத்தினேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், ‘சமூகம் என்ற சொல்லைக் கடைசியாக எங்கே கேட்டீர்கள்?’ என்று வகுப்பில் கேட்டேன். ஒருவன் கல்யாண மண்டபத்துப் பெயர்ப் பலகையைச் சொன்னான். இன்னொருத்தி, ‘பெண் நம் சமூகம்தானா என்று அத்தை கேட்டார்கள்’ என்றாள். வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தச் சொல்லைச் சாதி என்ற பொருளில்தான் கேட்டிருந்தார்கள். சரி, ஆங்கிலச் சொல்லுக்குப் போவோம் என்று ‘சொசைட்டி’ என்றேன். அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பையன் சட்டென்று, ‘அது எங்கள் தெருவிலேயே இருக்கிறது மேடம், அப்பா சேலை கொண்டுபோய்ப் போடுவார்’ என்றான். கூட்டுறவுச் சங்கத்தைச் சொன்னான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. முகம் தெரிந்தவர்கள் ஒரு தொழிலுக்காக விதி வகுத்துக்கொண்டு கூடியிருக்கும் அமைப்பை அந்தப் பெயரால் அழைக்க அவனுக்கு முழு உரிமை உண்டு.

நாம் பாடமாக நடத்தும் சொற்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர்களைக் காலி செய்துவிட்டு வரையறையைக் குடிவைப்பதுதான் கற்பித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு என் சொந்த எடுத்துக்காட்டுகளைச் சேலத்தில் எங்கள் செவ்வாய்பேட்டையிலிருந்து எடுக்கத் தொடங்கினேன்.

என் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, சலங்கை வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கை உண்டு. பட்டறையில் கூட்டும் குப்பையைக்கூட வெளியே கொட்டமாட்டார்கள். அதில் வெள்ளித் துகள் இருக்கும், சேர்த்துவைத்து விற்பார்கள். அதனால் பட்டறையை விட்டு வெளியே வருகிறவர் யாராக இருந்தாலும் நிலைப்படியிலேயே நின்று, கையைத் தட்டி, வேட்டியையோ லுங்கியையோ ஒரு முறை உதறிவிட்டுத்தான் தெருவில் கால் வைப்பார். இதை எனக்கு யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. 6 வயதில் தோழி வீட்டுக்கு விளையாடப் போய்விட்டுத் திரும்பும்போது, அவர்கள் வீட்டு நிலைப்படியில் நின்று பாவாடையை உதறினேன். ‘எங்கள் வீட்டில் அவ்வளவு தூசியா?’ என்று அவளுடைய அம்மா கேட்டார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அமெரிக்கச் சமூகவியலாளர் சம்னர் 1906இல் வழக்காறு என்று எதைப் பற்றி எழுதினாரோ அதை என் பாவாடை அறிந்திருந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன பிறகு, நெறி என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடி ஒருவரும் தடுமாறவில்லை. தறிக்குழியில் இறங்கும் முன் செய்வது, மாந்தோப்பில் முதல் காய் பறிக்கும்போது செய்வது என்று அவர்களே கொண்டுவந்து கொட்டினார்கள்.

பங்கு என்ற சொல்லுக்கு ஆடி மாதம் போதும். சேலத்தின் குகை பகுதியில் வண்டி வேடிக்கைத் திருவிழா அன்று எங்கள் பட்டறையில் மெருகு போடும் அண்ணன் ஒருவர் முருகனாக வேடமிட்டு, அலங்கரித்த வண்டியில் வேலோடு நிற்பார். முந்தின நாள் அவரைக் கடைக்கு விரட்டிய பெரியவர்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறுநாள் காலை அவர் அதே மணையில் உட்கார்ந்திருப்பார். ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நிற்பவர் செய்ய வேண்டியவை இருக்கின்றன. முன்னது தகுநிலை, பின்னது பங்கு. அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936இல் இப்படித்தான் பிரித்தார். அவரே தகுநிலையையும் இரண்டாகப் பிரித்தார். முயன்று பெறுவது ஒன்று. நாங்கள் பயன்படுத்திய கையேட்டில் ‘பிறவித் தகுநிலை’ என்று தமிழாக்கியிருந்தது மற்றொன்று.

பிழை எங்கே இருந்தது

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, எல்லாரும் போன பிறகு, ‘எழுதிக் கொடுக்கப்படுவது’ என்று எழுதிய பெண் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். அதிகம் பேசாதவள். நாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். அம்மா காபித் தோட்டத்தில் கூலி வேலை. அவள் கல்லூரி கோ-கோ அணியில் இருந்தாள்.

“மதிப்பெண் வேண்டாம் மேடம். நான் எழுதியது ஏன் தவறு என்று மட்டும் சொல்லுங்கள்.”

“நீ மலையாளியாகத்தானே பிறந்தாய் கண்ணு? அதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?”

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரோட்டுக்குப் போட்டிக்குப் போனதைச் சொன்னாள். மைதானத்தில் எதிரணிப் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். அந்தியூர் தாண்டி பர்கூர் மலையிலிருந்து வந்தவள். எந்த ஆட்கள் என்ற பேச்சு வந்திருக்கிறது. ‘நாங்கள் மலையாளி’ என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் ‘கேரளா இல்லை’ என்று சேர்த்துக்கொண்டாளாம். இவளும் எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்வாளாம். இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு கல்லூரிக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது, பர்கூர்ப் பெண்ணுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. உதவித்தொகையும் கிடையாது. 

“பிறப்பு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் மேடம். எழுதியதுதான் வேறு. நீங்கள் வகுப்பில், தகுநிலை என்பது மற்றவர்கள் நம்மை எந்த இடத்தில் வைத்து நடத்துகிறார்கள் என்பது என்றீர்கள். எங்களை ஒரே இடத்தில் வைக்கவில்லையே.”

மணி அடித்தது. அடுத்த வகுப்பு மாணவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நாளை பேசலாம் என்றேன். அவள் சொன்னதை அன்றிரவே தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டப் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் இல்லை. ஈரோடு 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த மாவட்டம். அதனால் பர்கூர் மலையில் பிறந்த மலையாளி பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலை மலையாளிகள் அந்தப் பட்டியலை விட்டு விழவில்லை. அவர்கள் பழைய சேலத்துக்குள் இருந்தவர்கள். வட ஆற்காடு என்று இன்று ஒரு மாவட்டமே இல்லை, பட்டியலில் அது இருக்கிறது. பர்கூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஒரு குழந்தை மலையாளியா என்பதைக் கருப்பை சொல்லிவிடும். அந்தக் குழந்தை பழங்குடியா என்பதை வரைபடத்தின் கோடு சொல்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 விழுக்காடு. அந்த ஒன்றுக்குள் வரவே இத்தனை கோடுகள்.

லிண்டனையும் மறுபடி எடுத்துப் படித்தேன். ஒருவருடைய இயல்பான வேறுபாடுகளையும் திறமையையும் பாராமல் அவருக்கு ஒதுக்கப்படுவது என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஒதுக்கப்படுவது. பிறந்த நொடியிலிருந்தே முன்கூட்டிச் சொல்லக்கூடியது என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அவர் வைத்த பெயர் ‘அஸ்கிரைப்ட்’. அந்தச் சொல்லின் வேரில் எழுதுவது என்று பொருள்படும் லத்தீன் வினை இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு லத்தீனும் தெரியாது, லிண்டனையும் படித்ததில்லை. எழுதிக் கொடுக்கப்படுவது என்று சரியாக எழுதியிருந்தாள். அதன் மேல் நான் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

‘பிறவித் தகுநிலை’ என்ற தமிழாக்கத்தின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பிறவி என்று சொல்லிவிட்டால் கொடுத்தவர் மறைந்துவிடுகிறார். பிறவிக்குருடு, பிறவிக்குணம் போல, உடம்போடு ஒட்டி வந்ததாகிவிடுகிறது. தமிழில் வேறு சொல் இல்லாமலா போயிற்று? கோயிலில் சாமிக்கு மாலை சாற்றுகிறோம், பட்டுச் சாற்றுகிறோம். சாமி கேட்டுப் பெறுவதில்லை. வேண்டாம் என்று சொல்வதுமில்லை. சாற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார், சாற்றப்படுவது ஒன்று இருக்கிறது. சாற்றிய தகுநிலை என்று சொன்னால் யார் சாற்றினார் என்ற கேள்வி கூடவே எழும். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன், அவளுடைய விடை சரி என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். மதிப்பெண் பட்டியல் அதற்குள் அலுவலகத்துக்குப் போயிருந்தது. இனித் திருத்த இயலாது என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

ஆனாலும் இதை இவ்வளவு எளிதாக முடித்துக்கொள்ள முடியாது. அதே வாரம் பீரோவைத் திறந்து என் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி சர்டிபிகேட்’; நம் வாயில் சாதிச் சான்றிதழ். நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் வாங்கியது. தாளின்படி பார்த்தால் 15 வயதில்தான் எனக்குச் சாதி வந்திருக்கிறது. உண்மையில் அது எனக்கு எப்போதோ தெரியும். யார் வீட்டில் கூடம் வரை போகலாம், யார் வீட்டில் திண்ணையோடு திரும்ப வேண்டும் என்று அம்மா கண்ணாலேயே சொன்ன நாளில் தெரியும். அதையும் யாரோ எனக்குச் சாற்றியதுதான்; அதற்குத் தாளும் முத்திரையும் தேவைப்படவில்லை. என் தாளை யாரும் சந்தேகித்ததில்லை என்பதால் 20 ஆண்டுகள் அதை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. அவளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் தன் பெயரைச் சொல்லும்போதே ‘கேரளா இல்லை’ என்று சேர்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறாள். எதிரில் இருப்பவர் மனத்தில் தன் உருவம் எப்படி விழும் என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்வது. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் இதற்குக் கண்ணாடியை உவமையாக வைத்தார். அந்தப் பகுதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஈரோட்டு மைதானத்தில் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் கண்ணாடி காட்டிச் சிரித்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

தகரப்பெட்டி

இந்த மே மாதம் அவளே போனில் அழைத்தாள். இப்போது அஞ்சலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள் மேடம் என்றாள். கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் பஸ் கியர் மாற்றி முனகத் தொடங்கியதும் ஜன்னல் ஓரத்துக் குழந்தைகள் வளைவுகளை எண்ண ஆரம்பித்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் விடாமல் எண்ணினார்கள். நடுவே ஒரு வளைவில் ஏறிய முதியவர் ஒருவரைப் பார்த்து என் பக்கத்து இருக்கைக்காரர், ‘மலையாள ஆள்’ என்று எனக்குத் தாழ்ந்த குரலில் அறிமுகம் செய்தார். முதியவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

கோயில் கூட்டத்திலிருந்து வெளியே வந்து அவள் வீட்டுக்குப் போனோம். பாட்டி பலாச்சுளைகளைத் தட்டில் வைத்தார்கள். “மேடத்துக்குப் பெட்டியைக் காட்டு பாட்டி” என்று அவள் சொன்னதும், உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்தார்கள். வீட்டில் பூட்டுப் போட்ட ஒரே பொருள் அதுதான். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் தாள்கள். தாத்தாவின் பள்ளிச் சான்று, நிலப் பட்டா, அப்பாவின் மாற்றுச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், மடிப்புகளில் கிழிந்து ஒட்டப்பட்ட ஒரு பழைய பத்திரம். அவளுடைய தம்பிக்குச் சான்றிதழ் வாங்க இந்தப் பெட்டி இரண்டு ஆண்டு மலை இறங்கி ஏறியிருக்கிறது. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு முன் விசாரணை. பழைய பத்திரத்தில் முப்பாட்டனார் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கிறது. கவுண்டர் எப்படிப் பழங்குடி ஆவார் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மலையில் மலையாளிகளும் காலங்காலமாகக் கவுண்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். கீழே சமவெளியில் அந்தப் பெயருக்கு வேறு ஆட்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இரண்டுதான், மற்றது சேந்தமங்கலம். அந்தத் தொகுதியில், அந்த மலையில், அந்த வீட்டில் பிறந்த பையன் தான் யாரென்று மெய்ப்பிக்க இரண்டு ஆண்டு நடந்திருக்கிறான். உடன்பிறந்த அக்காவின் சான்றிதழ் கையில் இருந்தும்.

‘இப்போது வந்துவிட்டது மேடம்’ என்று தம்பியின் தாளை எடுத்துக் காட்டினாள். புதுத் தாள். பாட்டி அதை வாங்கி, சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து, மறுபடி உறைக்குள் வைத்தார்கள். பர்கூர்ப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டாளாம். அதன் பிறகு தொடர்பு இல்லை.

பெட்டியை மூடும்போது, தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சைப் பாட்டி எடுத்தார்கள். நான் செவ்வாய்பேட்டை என்று அவர்களுக்குத் தெரியும். முடிச்சுக்குள் ஒற்றைக் கொலுசு; கொக்கிக்கு அருகில் அறுந்திருந்தது. கல்யாணத்துக்குப் போட்டதாம். “உங்கள் ஊர்ச் சரக்குத்தான் அம்மா. பற்றவைத்துத் தருவார்களா?” என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

அப்பா இப்போது இல்லை. பட்டறையைச் சித்தப்பா பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உள்பக்கம் இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, நிறைய நடந்த கால்” என்றார். தராசில் வைத்தார். வெளியாள் வெள்ளி பட்டறைக்குள் வந்தால் எடையைக் குறித்து, உரியவர் பெயரையும் எழுதிச் சீட்டுப் போட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். அதுவும் எங்கள் பட்டறையின் நெறிகளில் ஒன்று.

“யார் பெயரில் எழுதட்டும் கண்ணு?”

வாயைத் திறந்தேன். அன்று முழுவதும் பாட்டி என்றே அழைத்திருந்தேன். அந்தப் பெட்டியில் தாத்தா, அப்பா, தம்பி என்று ஒவ்வொருவர் தாளையும் வாசித்தவள், அதைத் தூக்கிவந்தவரின் பெயரைப் பார்க்கவே இல்லை. மலைக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சித்தப்பா பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு காத்திருந்தார்.